சேவல் சிலுப்பிய காலை

அந்த மார்கழியில் டில்லி இருந்த இடமே தெரியவில்லை. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் மொட்டைமாடியில் நின்று பார்த்தால், எதிரே மலை மந்திர் கோபுரம் பனிக்குள் கரைந்து கிடந்தது. கூடைக்குள் என் மகளின் சேவல். வாரச் சந்தையில் சாயம் பூசிய குஞ்சாக வாங்கி அவள் வளர்த்தது. என் கையில் கத்தி.

கீழே என் வீட்டுக்காரர் டைபாய்டில் எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தார். கஞ்சி, கிச்சடி எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. கடைக்கோழியில் வைத்த சாற்றை முகர்ந்துவிட்டுத் தள்ளினார். "வீட்டுக்கோழி சாறு ஒரு வாய் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார். மனுஷன் போய்விடுவாரோ என்று பயந்துதான் சேவல்மேல் கை வைக்கத் துணிந்தேன்.

எங்கள் மதுரைப் பக்கம் தண்ணீர் தெளித்து, கோழி உடம்பைச் சிலுப்பினால்தான் அறுப்போம். அதுதான் அதன் சம்மதம். கல்லூரியில் படிக்கும் மகள் அந்த வழக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"சிலுப்பலேன்னா விட்டுடணும். பக்கா?"

"பக்காடி, தாயே."

சிலுப்பாத கோழி உலகத்தில் உண்டா என்கிற தைரியம் எனக்கு.

இரையை முந்தின சாயங்காலமே நிறுத்தியிருந்தேன். கத்தியை நன்றாகத் தீட்டியிருந்தேன். பயந்து சாகக் கூடாது, ஒரே இழுப்பில் முடிய வேண்டும். தண்ணீர் தெளித்தேன். சேவல் கண்ணை மூடிக்கொண்டது. மறுபடி தெளித்தேன். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கியே விட்டது, பாவி! பனி எங்களைச் சுற்றி மெல்ல நகர்ந்தது. எங்கோ ரயில் கூவி, அந்தச் சத்தமும் அடங்கியது. கத்தி கையில் இருப்பதே எனக்கு மறந்துபோனது.

"ஜீத் கயா! ஜெயிச்சிட்டான்!" என்றாள் பக்கத்தில் நின்ற மகள். "ஐயோ, நனைஞ்சுட்டானே" என்று சேவலை அள்ளி, துப்பட்டாவால் துடைக்கப் போனாள்.

அப்போதுதான் அது கொண்டையிலிருந்து வால்வரை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. அவள் மூக்குக்கண்ணாடியெல்லாம் தண்ணீர்த் துளி.

அவள் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. "இந்தப் பனியில எனக்கு ஒண்ணும் தெரியலடி. அது தூங்கிக்கிட்டுத்தான் இருக்கு. வா, கீழ போவோம்" என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"நான் பார்த்தேம்மா."

சேவலைத் துப்பட்டாவிலேயே சுற்றி நெஞ்சோடு அணைத்து, அதன் கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள். "ஜல்தி முடிச்சிரும்மா" என்றாள். முடித்தேன். துடிப்பு அடங்கும்வரை அவள் பிடியைத் தளர்த்தவில்லை.

வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கினோம். அடுப்பில் வாட்டி மஞ்சள் தேய்த்தேன். பித்தப்பை உடையாமல் குடலை எடுத்து, மிளகு தட்டிப் போட்டுச் சாறு வைத்தேன். அவள்தான் தம்ளரை எடுத்துப்போனாள்.

ஒரு வாய் குடித்தவர் நிமிர்ந்தார். "கடைக்கோழி இல்லையே. உன் சேவலாம்மா?"

"ஆமாப்பா. நான்தான் பிடிச்சுக்கிட்டேன். மிச்சம் வைக்காமக் குடிங்க."

அவர் குடித்து முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.