நிலவறைக்கு இறங்குமுன்

முதலில் மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாயும், பிழைகளும் இருக்கும். வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு மலையடிவாரத்தில் ஒரு சிறு ஊரில் இருக்கிறது. வார இறுதிகளில் மனைவியின் சொந்தக்காரர்கள் பீலெஃபெல்ட் நகரத்தில் இருந்து வந்துவிடுவார்கள். நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் நிலவறையின் ஒரு மூலையை வெள்ளையடித்து, ஒரு சாய்வு நாற்காலியும் பழைய தொலைக்காட்சியும் வைத்துக்கொண்டேன். கிரிக்கெட் பார்ப்பதாகச் சொல்வேன். பல நாட்கள் தொலைக்காட்சியைப் போடுவதே இல்லை.

ஒருநாள் நகரசபையிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் பகுதியின் நிலத்திலிருந்து ராடன் என்ற வாயு வீடுகளுக்குள் கசிகிறதாம். மணமில்லை, நிறமில்லை. வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாமாம். அதை அளக்கும் பெட்டிகளுக்கு மனைவி உடனே விண்ணப்பித்தாள். தீப்பெட்டி அளவில் இரண்டு கறுப்புப் பெட்டிகள் தபாலில் வந்தன. ஒன்றை வரவேற்பறையிலும் மற்றதை என் மூலையிலும் வைத்தோம். ஒரு வருடத்துக்கு அசைக்கக் கூடாது.

எனக்கு அது நல்ல சாட்டாகிவிட்டது. விருந்தினர் வந்த நாளெல்லாம், "பெட்டியைத் தனிய விடேலாது" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். அந்தப் பிளாஸ்டிக்குக்குக் காவலே தேவையில்லை. ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

வருடம் முடிந்து திருப்பி அனுப்பி, முடிவு வந்தபோது அந்தப் பெட்டியே என்னைக் காட்டிக்கொடுத்தது. வரவேற்பறையில் பயமில்லை. மீன் பொரித்த மணம் போக மனைவி எந்நேரமும் ஜன்னலைத் திறந்து வைப்பவள். என் மூலையிலோ, இருக்கலாம் என்று சொல்லும் அளவைப் போல் மூன்று மடங்கு.

"ஆக்களுக்குப் பயந்து கீழை ஓடினியள். அங்கை உங்களுக்கு முதலே ஒருத்தர் வந்து குந்தியிருக்கிறார்," என்று மனைவி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "இனி அங்கை இருக்க ஏலாது. மேலை வாங்கோ," என்றாள். அவள் குரலில் பயம் இருந்தது.

அந்த வார இறுதியை மேலே கழித்தேன்.

"மச்சான், உம்மடை கலியாணத்திலகூட உம்மை இவ்வளவு நேரம் காணேல்லை!" என்றார் மனைவியின் அண்ணன். "வாயுவுக்குத்தான் நன்றி சொல்லவேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர் குடிக்கப் போன நான் குசினியிலேயே நின்றுவிட்டேன்.

திங்கட்கிழமை தொலைபேசியை எடுத்தேன். வாயுவை அடைக்கும் வேலைக்காரர் வர நேரம் குறித்துக்கொண்டேன். இந்த நாட்டில் நானாகக் கேட்டு வாங்கிய முதல் டெர்மின் அது. வேலைக்காரர் வந்து தரை வெடிப்புகளையும் குழாய்கள் நுழையும் ஓட்டைகளையும் அடைத்தார். தரையைத் துளைத்து, அடிநிலக் காற்றை இழுத்து வெளியே விடும் குழாயும் விசிறியும் பூட்டினார். திரும்பவும் அளந்தோம். குறைந்திருந்தது. நாற்காலியைத் துடைத்து வைத்தேன்.

அடுத்த முறை வந்தவர்கள் சப்பாத்தைக் கழற்றவே இல்லை.

"எங்கை மச்சான் அந்த விசிறி? காட்டும் பாப்பம்!"

பதினொரு பேர் என் மூலையில் நின்றார்கள்.

"மணமில்லை எண்டால், போயிட்டுதெண்டு எப்பிடித் தெரியும்?"

"அளந்தது."

"ஆர் அளந்தது?"

"பெட்டி."

"பாருங்கோ, பெட்டியோடை மட்டும் கதைச்சிருக்கிறார்!"

கீழே நல்ல அமைதியாம். அதனால் இப்போது தேநீரும் அங்கேதான். எனக்கு மேலே வரவேற்பறை காலியாகக் கிடைக்கிறது. ஆனால் கேள்வி கேட்பவர்கள் என்னைத் தேடிப் படியேறி வருகிறார்கள்.

ஆகவே எல்லாவற்றையும் எழுதி நிலவறைக் கதவில் ஒட்டுகிறேன். விசிறியைப் பற்றிக் கேட்க வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது. நின்று வாசியுங்கள், எனக்கு அவசரமில்லை.

2024 மார்கழி (டிசம்பர்) 7, சனிக்கிழமை காலை, அவர்கள் வருமுன்.