குருநாதர் படம் இல்லாத மேடை

1986 மார்ச் 22, சனிக்கிழமை. அப்பாவுக்கு அலுவலகம் கிடையாது. மோதி பாக் குவார்ட்டர்ஸில் தண்ணீர் நிற்பதற்குள் துணி துவைத்து உலர்த்தினார். மத்தியானம் வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஹோலி நெருங்கிவிட்டதால் பையன்கள் பஸ் ஜன்னலுக்குள்ளேயே சாயத்தண்ணீர் பலூனை எறிவார்கள். பாண்ட் போட்டுக்கொண்டு போய், கரோல் பாகில் வேட்டிக்கு மாறுவதாக ஏற்பாடு. நான்கு மணிக்கு என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார். எனக்கு வயது எட்டு.

சனிக்கிழமை என்றால் கரோல் பாகில் பெரியப்பாவின் பஜனை. அதைத் தொடங்கியவர் தபால் இலாகாவில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்த ஒருவர். நான் பிறக்கும் முன்பே காலமானவர். எல்லோருக்கும் அவர் குருநாதர். பஜனை முடிந்ததும் பாய்களைத் தானே சுருட்டி வைப்பாராம். அவருக்குப் பிறகு நடத்திய பெரியப்பா பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். அவரும் சுருட்டினார். முதலில் குருநாதர் படத்துக்கு விழுந்து நமஸ்காரம், பிறகு அவர் பேரில் ஒரு நாமாவளி. பிள்ளையார்கூட அதற்கு அப்புறம்தான்.

அப்பாவுக்குச் சாமியைவிட அண்ணாவிடம்தான் பக்தி அதிகம்.

"உங்க அண்ணாவுக்குக் கோபமே வராதாக்கும்?" என்று அம்மா குத்துவாள்.

"வரும். குருநாதர் படத்தைப் பார்த்தா இறங்கிடும். தனக்கு மேல ஒருத்தர் இருக்கார்னு நெனைக்கறவன் மத்தவாளை மிதிக்க மாட்டான்."

"உங்களுக்கு மேல யாராம்?"

"எனக்குத்தான் அண்ணா இருக்காரே!"

அன்று பஜனை வழக்கம்போல் பெரியப்பா வீட்டில் இல்லை, வாடகைக் கூடத்தில். பெரியப்பா கட்ட நினைத்த கோயிலுக்கு நிலம் ஒதுக்கும் அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. மேடையில் சாமந்தி மாலைகள், மைக், வெல்வெட் நாற்காலி. அப்பா வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து மேடையை இரண்டு முறை சுற்றிப் பார்த்தார்.

"அண்ணா, குருநாதர் படம்?"

"இன்னிக்கு வேண்டாம்டா. வர்றவன் பஞ்சாபி. இவர் யாரு, என்ன பதவின்னு கேப்பான். போஸ்டாபீஸ்ல லெட்டர் பிரிச்சவர்னு சொல்லிண்டு நிக்கட்டுமா? போ, ஜல்தி, கார் வந்துடுத்து."

அதிகாரி நாற்காலியில் அமர்ந்தார். பெரியப்பா நேராகப் பிள்ளையாரில் ஆரம்பித்தார். முதல் அடியை அவர் பாடி, கூட்டம் திருப்பிப் பாட வேண்டிய இடைவெளியில், என் பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் எழுந்தது. பாடியது குருநாதர் நாமாவளியை. ஒரு அடி பாடி நிறுத்தினார். பஜனையில் ஒருவர் பாடினால் மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும், அதுதான் முறை. குருநாதரிடம் கற்றுக்கொண்டவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவரும் வாங்கவில்லை. அப்பா இரண்டாம் அடியையும் பாடினார். நான் அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தேன்.

பெரியப்பா மைக்கில் இந்தியில் சொன்னார்: "இவன் என் தம்பி. கொஞ்சம் போலா. கண்ணை மூடிண்டா எந்தப் பாட்டுன்னே தெரியாது." அதிகாரி சிரித்தார். அதனால் கூடமே சிரித்தது. நானும்தான். போலா என்றால் அப்பாவி என்று அர்த்தம்; திட்டு என்று எனக்குத் தோன்றவில்லை.

முடிந்ததும் பெரியப்பா மாலையோடு கார் வரைக்கும் போனார். கூடவே மற்றவர்களும். பாய்களை அப்பா மட்டும் சுருட்டினார். காரின் பின்கண்ணாடித் திரையை வேடிக்கை பார்க்க நானும் வாசலுக்கு ஓடிவிட்டேன். வீட்டில் அம்மா கேட்டபோது, "நன்னா நடந்தது" என்றார் அப்பா.

நிலம் கிடைத்தது, கோயிலும் எழுந்தது. பெரியப்பா கடைசி வரை தலைவராக இருந்தார். எதிர்த்துப் பேசியவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள்; நிறுத்தப்பட்டார்கள் என்பதே சரி. கடவுளை அவர் குறைவில்லாமல் கும்பிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கடவுள் யாரையும் கூச்சப்பட வைப்பதில்லை. பாய் சுருட்டிய ஒரு மனிதரை நினைத்தால்தான் கூச்சம் வரும். அந்த மனிதரை அன்று படத்தோடு வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார் பெரியப்பா. கூடத்தில் அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அதிகாரி பெரியப்பாவின் தோளில் கை போட்டது மட்டும்.

அந்தப் பஜனைக்கு மறுநாள் காலை அப்பா முதல் காரியமாக என்னை எழுப்பிப் பால் பூத்துக்கு அழைத்துப்போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை அவர் எழுப்புவதே இல்லை. வரிசையில் நிற்கும்போது கேட்டார்:

"ஏண்டி, பெரியவளானா நீ யாரை மாதிரி இருக்கணும்னு ஆசை?"

இதற்கு அவருக்குப் பிடித்த பதில் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

"பெரியப்பா மாதிரி!"

"அச்சா" என்றார். டோக்கனை மெஷினில் போட்டுப் பாத்திரத்தைக் குழாயடியில் பிடித்தார். பால் கொட்டி நின்றது. அவர் பாத்திரத்தை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர், "சலியே, பாயி சாஹப்" என்று இரண்டு முறை நகரச் சொல்ல வேண்டியிருந்தது.