யசுயோவின் காவிக் கோடு

யசுயோ பிப்ரவரியில் இறந்தாள். மலை விடுதியை ஏப்ரல் கடைசி ஞாயிறு திறக்க வேண்டும். அதற்குள் யாராவது ஏறிப்போய்ப் பனியின் மேல் காவிக் கோடு போட்டாக வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் மலையேற வருகிறவர்களுக்கு மேலும் தெரியாது, கீழும் தெரியாது. காவிப்பொடி தூவிய அந்தக் கோடு மட்டும் தெரியும். அது எங்கே போகிறதோ அங்கேதான் அவர்களும் போவார்கள்.

முப்பது வருடமாக அதைப் போட்டது யசுயோ. மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். முதல் வசந்தத்தில் சரிவைக் கண்டாலே உட்கார்ந்துவிடுவாளாம். உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கி இரண்டு கால்சட்டைகளைக் கிழித்தாள். கணவன் போன பிறகு விடுதியைத் தனியாகவே நடத்தினாள். விடிந்தும் எழாத விருந்தாளியின் போர்வையை உருவிவிடுவாள். கைபேசியில் போன வருடத்துத் தடத்தைப் பார்த்து நடக்கிறவர்களை அவளுக்குக் கண்டாலே ஆகாது.

இந்த வருடம் மகள் சிஹோ வந்திருந்தாள். ரயில் சுரங்கச் சுவர்களைச் சுத்தியலால் தட்டி, உள்ளே பொள்ளல் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. கூட வந்தவர் இசாவோ, விடுதியில் நெடுநாள் யசுயோவோடு வேலை செய்தவர்.

அதிகாலைப் பனி கல்லாக இறுகியிருந்தது. பூட்ஸில் கட்டிய இரும்பு முட்கள் நன்றாகப் பிடித்தன.

"சுரங்கத்துக்குள்ளயே கெடந்து முள்ளங்கி மாதிரி வெளுத்துட்டே," என்றார் இசாவோ.

"உங்களுக்கு மூச்சு வாங்குது இசாவோ-சான். பேசாம நடங்க."

ஓடைப் பள்ளத்தாக்கின் அடியில் நின்று சிஹோ பையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். போன இலையுதிர் காலத்தில் யசுயோ சலித்து வைத்த பொடி. மூடியைச் சுற்றி அவளே டேப் ஒட்டியிருந்தாள். சிஹோவின் விரல் டேப்பின் நுனியிலேயே நின்றது. இசாவோ வாங்கி உரித்தார்.

"பத்தாது. கடைப்பொடி ஒரு பொட்டலம் கொண்டாந்திருக்கேன்."

"வேண்டாம். இதுலயே முடிச்சுருவோம்."

"அப்படின்னா முதலாளியம்மா போன வருஷம் போட்ட வழியிலயே போட்டுருவோம். இந்த ஒரு தடவையாவது."

சிஹோவும் மனதில் அதைத்தான் நினைத்திருந்தாள். பழைய அகப்பையால் தூவிக்கொண்டே ஏறினார்கள். இரட்டை பிர்ச் மரங்களுக்குக் கீழே கோடு ஓடையைக் கடக்க வேண்டும். ஓடை பனிக்கு அடியில் ஓடுகிறது, மேலே பனியே பாலம்.

பாலத்தின் நடுப்பகுதி லேசாகத் தொய்ந்திருந்தது. சிஹோ பனியின் ஆழம் பார்க்கும் துழாவுகம்பியை இறக்கினாள். ஒரு முழம் வரை பனி எதிர்த்தது. அப்புறம் கம்பி தானாக உள்ளே போய், கைப்பிடி வரை இறங்கிவிட்டது. துளை வழியாகத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

"இந்தக் குளிர்காலத்துல சரியாவே பனி விழல," என்றார் இசாவோ. "ஓரமா போனா தாங்கும்."

"காலையில நம்மளத் தாங்கும். ஞாயித்துக்கிழமை மத்தியானம் வெயில்ல வர்றவங்களை?"

இசாவோ பனிமேல் உட்கார்ந்து, உமே பழ ஊறுகாய் வைத்த சோற்று உருண்டையைப் பிட்டு அவளிடம் நீட்டினார்.

"அம்மா இருந்தா என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டாள் சிஹோ.

"திட்டுவாங்க."

"யாரை?"

"என்னைத்தான். உன்னை எப்ப திட்டினாங்க?" யசுயோவின் கரகரத்த குரலை அவர் அப்படியே எடுத்தார். "'யோவ் இசாவோ, அது போன வருஷத்துப் பனிய்யா. உருகி எங்க ஊர்க் கடலுக்குப் போய்ச் சேந்தாச்சு. இந்த வருஷத்துப் பனியைக் குத்திப் பாரு.' எந்த வருஷமாவது ஒரே எடத்துல கடந்திருக்காங்களா? எனக்குத்தான் இன்னிக்கு மறந்துபோச்சு."

சிஹோ மிச்சச் சோற்றை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

கம்பியால் குத்திக் குத்தி மேலே போனார்கள். பாறைச்சுவருக்கு அடியில் பனிச்சரிவு விழுந்து குவிந்திருந்த இடத்தில், எங்கே குத்தினாலும் கம்பி பாதியிலேயே முட்டி நின்றது. அங்கே கடக்கலாம். நல்ல சுற்றுதான்.

திரும்பி இறங்கி, பாலத்தை நோக்கிப் போட்டிருந்த தப்பான கோட்டை அழிக்க சிஹோ மண்வெட்டியை எடுத்தாள். கோடு இருந்தால் ஆள் வரும்.

"மரத்துக்கிட்ட மட்டும் ஒரு சாண் விட்டுடேன்," என்றார் இசாவோ. "அவங்க கையால சலிச்சது."

"பாக்கிறதுக்குத்தானே போடுறோம் இசாவோ-சான். இதையும் பாப்பாங்க."

சிவந்த பனியை வெட்டி வெட்டி, ஓடை திறந்து கிடந்த வெடிப்பில் போட்டாள். தண்ணீர் கொஞ்ச தூரம் சிவந்து ஓடி, பனிக்கு அடியில் மறைந்தது. அவள் கடைசி மண்வெட்டிப் பனியைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் அதையும் போட்டாள்.

புதுக்கோடு விடுதிக்குப் பாதி தூரம் போவதற்குள் டப்பா காலியானது. சிஹோ தானே கை நீட்டிப் பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். கடைப்பொடி சற்றுப் பளிச்சென்று இருந்தது. விடுதி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"நடுவுல நிறம் மாறிருச்சே," என்றார் இசாவோ.

"கண்ணுக்குத் தெரியுதுல்ல?"

"தெரியுது."

"அப்ப கதவுக்கு முன்னாடி இருக்கிற பனியை வெட்டுங்க," என்று சொல்லிவிட்டு அவள் சாவியைத் தேடினாள்.