ஆலாத்தித் தட்டில் அரை எலுமிச்சை

போன வாரம் நானும் ஐந்து வயது மகள் இனியாவும் வீட்டில் மஞ்சள் ஓவியம் செய்தோம். மஞ்சள் பூசிக் காயவைத்த தாளில், விரலால் சோப்புத் தண்ணீரைத் தொட்டு வரைந்தால் கோடு சிவப்பாகும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு தடவினால் மறுபடியும் மஞ்சளாகிவிடும்.

இன்று ராசிபுரத்தில் என் கொழுந்தனார் கல்யாணம். பொண்ணும் மாப்பிள்ளையும் வாசலில் நிற்க, நாத்தனார் தட்டில் ஆலாத்தி கரைத்துக்கொண்டிருந்தார்.

இனியா எட்டிப் பார்த்தாள். "அத்தை, இதுல சோப்பு போட்டீங்களா?"

"இல்ல சாமி, மஞ்சளும் சுண்ணாம்பும்."

அவ்வளவுதான். ஜூஸுக்கு நறுக்கி வைத்திருந்த அரை எலுமிச்சையை ஓடிப்போய் எடுத்து வந்து தட்டில் பிழிந்துவிட்டாள். சிவப்பு ஆலாத்தி அத்தனை பேர் கண்முன்னும் மஞ்சளாகிப் போனது.

"ஏனுங்க, நல்ல நாளும் அதுவுமா! யாரு புள்ளைங்க இது?" என்றார் ஒரு பெரியம்மா.

நான் அவளை அதட்டத்தான் வாயெடுத்தேன். அதற்குள் இனியா, "பயப்படாதீங்க. இன்னுங் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டா செவந்துரும்" என்றாள்.

நாத்தனார் போட்டார். சிவந்தது.

அதட்ட வந்த வாய், "என்ற பொண்ணுதானுங்க" என்றது.

வலது காலை எடுத்து வைக்கக் காத்திருந்த புதுப்பெண், குனிந்த தலை நிமிராமல் மெதுவாகச் சொன்னாள்: "இன்னொருக்கா புழி சாமி, நான் செரியாப் பாக்கலை."

மூன்று முறை மஞ்சளாகி மூன்று முறை சிவந்த பிறகுதான் அவள் உள்ளே வந்தாள்.

உங்கள் வீட்டு விசேஷத்துக்கும் கூப்பிடுங்கள், வருகிறோம். எலுமிச்சம்பழத்தை மட்டும் எங்கே வைப்பீர்கள் என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.