மனோர் பார்க்கில் ஒரு வாக்கு

அண்ணையின் இடது கண்ணைக் கெடுத்தது ஒரு இரும்பு மடக்குக் கதிரை. எறிந்தவன் அண்ணையின் ஆள். எறியப்பட்டது எனக்கு. எங்கள் ஊர்ச்சங்கத்தில் யாரைக் கேட்டாலும், "உவன்ர அமெரிக்கன் தேர்தலாலதான் எல்லாம்" என்று என்னைத்தான் கைகாட்டுவார்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதி அவர்களுக்குத் தெரியாது.

லண்டனில் எங்கள் ஊர்க்காரர் மூன்று இடங்களில் கூடி வாழ்கிறார்கள். ஹரோவில் அறுபது அங்கத்தவர், எட்மண்டனில் முப்பது, நான் இருக்கும் மனோர் பார்க்கில் முப்பது. தலைவர் தெரிவு எப்போதும் கை உயர்த்தித்தான். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், ஹரோக்காரர் எல்லாரும் ஒன்றாகக் கை தூக்குவார்கள், அதோடு கதை முடியும். மற்ற இரண்டு இடத்தாரும் தங்களுக்குள் இழுபட்டுக்கொண்டு நிற்பார்கள்.

ஒரு பொதுக்கூட்டத்தில் எட்மண்டன்காரர் ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது. கையில் இருந்த கொதிக்கிற தேத்தண்ணியை ஹரோக்காரர் ஒருவரின் முகத்தில் ஊற்றினார். அவர் அலறிக்கொண்டே எழும்பி இவரின் சட்டைக் கொலரைப் பிடித்துத் தலையால் மூக்கில் இடித்தார். நான் சங்கத்தின் செயலாளர், கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். கொப்பியில் இரத்தம் தெறித்தது. என் கையும் சும்மா இருக்கவில்லை. யாரோ ஒருவரின் பிடரியில் ஒன்று போட்டேன். யார் என்று இன்றுவரை தெரியாது, தெரிந்தாலும் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

அந்த மாதம் டிவி முழுக்க அமெரிக்கத் தேர்தல்தான் ஓடியது. எனக்கு அதில் பைத்தியம். இரத்தம் காய்ந்த அதே கொப்பியோடு அடுத்த பொதுக்கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் போய் நின்று விளக்கினேன். அமெரிக்காவில் சனம் நேரடியாக ஜனாதிபதியைத் தெரிவுசெய்வதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அங்கே காங்கிரஸ் என்கிற பாராளுமன்றத்தில் இரண்டு சபை. பிரதிநிதிகள் சபையில் சனத்தொகைப்படி ஆசனம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்லா ஆசனத்துக்கும் தேர்தல். செனட்டில் பெரிய மாநிலமோ சின்ன மாநிலமோ ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர்தான், ஆறு வருடப் பதவி, மூன்றில் ஒரு பங்கு ஆசனத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். இந்த இரண்டு சபையிலும் ஒரு மாநிலத்துக்கு எத்தனை ஆசனமோ, அத்தனை தேர்வாளர். தலைநகரத்துக்கு மூன்று. மொத்தம் ஐந்நூற்று முப்பத்தெட்டு. இருநூற்று எழுபது எடுத்தவர் ஜனாதிபதி.

"எங்களுக்கும் அப்பிடிச் செய்வம்," என்றேன். "பத்துப் பேருக்கு ஒரு தேர்வாளர். அதோட இடத்துக்கு ரெண்டு. ஹரோவுக்கு எட்டு, எட்மண்டனுக்கு அஞ்சு, மனோர் பார்க்குக்கு அஞ்சு. பதினெட்டில பத்து எடுத்தவர் தலைவர். ஒரு இடத்தில ஒரு வாக்காலை வெண்டாலும் அந்த இடத்தின்ர முழுத் தேர்வாளரும் வெண்டவருக்குத்தான். அங்கயும் ரெண்டு மாநிலம் தவிர எல்லாத்திலயும் இப்பிடித்தான்."

அண்ணை பின்வரிசையில் இருந்தார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், ஹரோவில் இருப்பவர். மெல்லமாகக் கேட்டார்.

"அப்ப கூட வாக்கு எடுத்தவன் தோக்கவும் ஏலுமோ, தம்பி?"

"ஏலும் அண்ணை. அங்க நடந்தும் இருக்கு."

ஹரோக்காரர் சத்தம் போடத் தொடங்கினார்கள். அண்ணை எழும்பி, "என்ர தம்பி படிச்சுப்போட்டுத்தான் சொல்லுறான், விடுங்கோ" என்றார். அவர் சொன்னதால்தான் அந்த விதி நிறைவேறியது.

அந்த முறை தலைவர் பதவிக்கு நின்றதும் அண்ணைதான். எதிர்த்து நின்றவர் எட்மண்டனில் இருக்கும் ஒரு வழக்கறிஞர். அண்ணை முப்பது வருடம் பெற்றோல் நிலையத்திலும் பேக்கரியிலும் ஷிப்ட் அடித்தவர். ஊர்க் கொண்டாட்டங்களில் கதிரை அடுக்குவதும் குப்பை அள்ளுவதும் அவர்தான். ஒருநாளாவது அவரை மேடைக்கு வாருங்கோ என்று யாரும் மைக்கில் கூப்பிட்டதில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று ஏற்புரை பழகுகிறார் என்று அண்ணி சொல்லிச் சிரித்தா. எனக்கும் சிரிப்பு வந்தது, நெஞ்சுக்குள் ஏதோ செய்தது.

தேர்தலுக்கு முதல் கிழமை ஹரோவில் ஒரு பிறந்தநாள் விழா. குடித்ததில் அண்ணைக்கு வெறி கொஞ்சம் ஏறியிருந்தது. "இவன் இஞ்ச வந்து இறங்கேக்க இவனுக்குச் சப்பாத்து லேஸ் கட்டத் தெரியாது. நான்தான் கட்டிவிட்டனான்" என்று சபைக்குச் சொன்னார். முப்பது வருடமாகக் கேட்கிற கதை. போதும் என்றேன். விடவில்லை. மேசையில் ஓங்கி அறைந்தேன், கிளாஸ் விழுந்து உடைந்தது. "கை நீளுதோ?" என்று கேட்டுக்கொண்டே என் பிடரியில் பளார் என்று ஒன்று விட்டார். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. என் இரண்டு மகள்மாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சனம் சிரித்தது.

அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரைக் கொல்ல வேண்டும் போல இருந்தது, உண்மையாகவே.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு பாடசாலை மண்டபம். மூன்று இடத்துக்கும் மூன்று பெட்டி. தேர்தல் அதிகாரியும் நான்தான், ஆனால் எனக்கும் ஒரு வாக்கு உண்டு. மனோர் பார்க் சீட்டை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போனேன். ஹரோ அண்ணையின் கையில். எட்மண்டனில் அண்ணியின் சொந்தக்காரர் நிறையப் பேர். அவர் எப்படியும் வெல்லுவார், என் ஒரு வாக்கால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். பிடரி இன்னும் எரிகிற மாதிரி இருந்தது. வழக்கறிஞருக்குப் புள்ளடி போட்டேன். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது.

ஊருக்கெல்லாம் அந்த முறையை விளக்கியவன் நான். இழுபறியாக இருக்கிற இடத்தில்தான் ஒவ்வொரு வாக்கும் உயிர் என்று வாய் கிழியச் சொன்னவன். என் இடம் எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் யோசிக்கவில்லை.

ஹரோப் பெட்டியை முதலில் எண்ணினோம். அண்ணைக்கு ஐம்பத்திரண்டு, மற்றவருக்கு எட்டு. மண்டபம் அதிர்ந்தது. எட்மண்டனில் பதினாறுக்குப் பதினாலு, வழக்கறிஞர் பக்கம். அண்ணியின் சொந்தங்கள் காலை வாரிவிட்டார்கள். மனோர் பார்க்கில் மூன்று பேர் வரவில்லை, இருபத்தேழு சீட்டு. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று வந்து நின்றது. கடைசிச் சீட்டை விரித்தேன். நடுவில் கிழிந்திருந்தது.

அதை நான்தான் வாசித்தேன். வாசித்துத்தானே ஆக வேண்டும்.

எழுபத்தொன்பது வாக்கு எடுத்த அண்ணை எட்டுத் தேர்வாளரோடு தோற்றார். முப்பத்தெட்டு வாக்கு எடுத்தவர் பத்தோடு வென்றார்.

ஹரோ வரிசைகள் எழும்பின. வாக்குப் பெட்டியை உதைத்து நொறுக்கினார்கள். வழக்கறிஞரின் மச்சானை நிலத்தில் போட்டு மிதித்தார்கள். எட்மண்டன்காரர் ஒருவர் மைக் கம்பியைச் சுழற்றியதில் ஒருவரின் பல்லுத் தெறித்தது. முந்திய ஒரு தேர்தலில், வாக்கை உறுதிசெய்கிற நாளில் ஒரு கும்பல் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு காங்கிரஸ் கட்டடத்துக்குள் புகுந்ததை டிவியில் பார்த்து, காட்டுமிராண்டிகள் என்று சொன்னவன் நான். இப்போது என்னைத் தேடி எங்கள் ஆட்களே மேடைக்கு வந்தார்கள். "தமையனைக் கவுத்த நாயே!" என்று ஒருவன் கத்தினான். விதியைக் கொண்டுவந்ததற்காகத்தான் அவன் கத்தினான். எனக்கு அது என் வாக்கைச் சொன்ன மாதிரிக் கேட்டது.

அவன் கதிரையைத் தூக்கினான். நான் அசையவில்லை. விழட்டும் என்றுதான் நின்றேன். குறுக்கே பாய்ந்தது அண்ணை. "என்ர தம்பியில கை வையாதேங்கோடா!" என்றது கேட்டது, பிறகு இரும்பு எலும்பில் படுகிற சத்தம் கேட்டது. அவரின் புது வெள்ளைச் சட்டை முன்பக்கம் முழுக்கச் சிவந்தது. சட்டைப் பையில் நாலாக மடித்த ஏற்புரை இருந்தது.

ஆஸ்பத்திரியில் புருவத்துக்கு மேலே எட்டுத் தையல் போட்டார்கள். இடது கண்ணில் பார்வை திரும்பாது என்று டொக்டர் எனக்குச் சொன்னார், நான் அண்ணைக்குச் சொன்னேன். அவர் என் கையைத் தேடிப் பிடித்தார்.

"போன கிழமை உனக்கு அடிச்சது பிழையடா," என்றார். "வெறியில செய்துபோட்டன்."

"விடுங்கோ அண்ணை."

"மனோர் பார்க்கில ஒராள் மாத்திப் போட்டிருந்தாக் காணும், என்ன? ஆரெண்டு தெரியேல்லை. தெரிஞ்சும் என்ன செய்யிறது." கையை இறுக்கினார். "உன்ர வாக்கு எனக்கு விழுந்தது. அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

"ஓம் அண்ணை," என்றேன்.

சொல்லிவிட்டு எழும்பி, கதிரையை அவரின் இடது பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இன்றைக்கும் அவர் வீட்டுக்குப் போனால் அந்தப் பக்கம்தான் உட்காருகிறேன்.