கார்டு இழுக்காது, மாமா

நம்பாதவர்கள் சங்கம் என்று ஒன்று காரைக்குடியில் இருந்தால் நான்தான் அதற்குச் செயலாளராக இருந்திருப்பேன். கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 'தானா ஆன் ஆகுது சார், தானா சத்தம் போடுது சார்' என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு வெளிறிப்போய் வருகிற ஆட்களைப் பார்த்துப் பழகியவன். திறந்தால் உள்ளே பல்லி இருக்கும், இல்லாவிட்டால் தூசி இருக்கும். ஆவியை எடுத்ததற்கு இதுவரை ஒரு பில்கூடப் போட்டதில்லை. அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன், உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் சத்தமாகவே சிரிப்பேன். அதோடு, இந்த மாதிரிக் கதை என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்றெல்லாம் எதிர்பார்ப்பீர்கள். மன்னிக்க வேண்டும், இது நடந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வயிறு முட்டக் கோழிக்குழம்பு சாப்பிட்ட பிறகு.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா என்றால் என் மனைவி வள்ளியின் அப்பா. கல்லல் பக்கம் வீடு. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் குள்ளம், சீட்டை முன்னால் இழுத்து ஸ்டியரிங்கை மார்போடு அணைத்துக்கொண்டுதான் ஓட்டுவாராம். அவருக்கு அடுத்து ஏறுகிற டிரைவர்கள் முட்டி இடித்து அவரைத் திட்டாத நாளே கிடையாதாம். எல்லாம் கேள்விப்பட்டதுதான், எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவர் ஓய்வு பெற்றுவிட்டார். பிறகு வாதம் வந்து இடது பக்கம் கை கால் விழுந்துவிட்டது. கட்டிலும் சுவருமாகக் கிடந்தவருக்கு ஆறுதல் சொல்கிறேன் பேர்வழி என்று ஒருநாள் வாயை விட்டேன்.

"மாமா, எங்கிட்ட லாரி ஓட்டுற கேம் இருக்கு. ஸ்டியரிங்கு, பெடலு எல்லாம் இருக்கு. கொண்டாந்து மாட்டுனா ஒத்தக் கையாலயே ஓட்டலாம்."

அவர் அதை நம்பிவிட்டார். என் பேச்சை நம்புகிற ஆள் இந்த உலகத்தில் ஒருவர் இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிவியை மச்சுக்கு ஏற்றச் சொல்லிவிட்டு, அறுபத்தைந்து இன்ச் 4K டிவி ஒன்றை வாங்கி மாட்ட வைத்துவிட்டார். பஸ்ஸின் முன்கண்ணாடி மாதிரி இருக்கணும் என்று கடைக்காரரிடம் போனில் சொல்லி வாங்கினாராம். அன்று சாயங்காலமே போன் வந்தது.

"டிவி வந்துருச்சு மாப்பிள்ளை. எப்ப வாரீக?"

என் திருட்டுத்தனம் இங்கேதான் ஆரம்பம். கம்ப்யூட்டர் கேபினெட்டைக் கல்லலுக்குத் தூக்கிக்கொண்டு போனால் வழிக் குலுக்கலில், திரைக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டு கழன்றுவிடுமோ என்று பயம். அது சாக்கு. ஞாயிறு ஒருநாள்தான் எனக்கு விளையாட்டு, அதை விட்டுக்கொடுக்க மனசில்லை. இதுதான் நிஜம்.

"மாமா, உங்க டிவி ரொம்பப் பெருசு. 4K-வுக்கு என் கார்டு இழுக்காது. படம் திக்கித் திக்கி வரும். புதுக் கார்டு போட்டுட்டு வாரேன்."

"திக்குனா திக்கட்டும் மாப்பிள்ளை. நான் ஓட்டுன வண்டியில எது திக்காம ஓடுச்சு?"

"இல்ல மாமா, உங்களுக்குப் போயி அரைகுறையாக் காட்டலாமா?"

எவ்வளவு மரியாதையான பொய், பாருங்கள். ரெசல்யூஷனை, அதாவது படத்தின் துல்லியத்தை, கொஞ்சம் குறைத்து வைத்தால் அந்தக் கார்டிலேயே கேம் வழுக்கிக்கொண்டு ஓடும். இதை ஊருக்கெல்லாம் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறவன் நான். மாமாவிடம் மட்டும் சொல்லவில்லை. தீபாவளி போனது, பொங்கல் போனது. கேட்கும்போதெல்லாம் கார்டு இழுக்காது மாமா என்றேன். கடைசியில் கேட்பதை நிறுத்திவிட்டார். பிறகு ஒருநாள் விடியற்காலையில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்றைக்கு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். வீடு முழுக்க அழுகை. டிவியை வேட்டி போட்டு மூடியிருந்தார்கள். நான் அந்த வேட்டியைப் பார்த்துக்கொண்டே, இது எங்கள் ஹால் சுவரில் அடங்குமா என்று கண்ணாலேயே அளவெடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் என் முதுகைத் தடவி, "அழுதுருங்க மாப்பிள்ளை, அடக்கி வைக்காதீக" என்றார். அந்தத் தடவல் இன்னும் முதுகில் இருக்கிறது.

காரியம் முடிந்ததும் அத்தையே சொன்னார்: "அத நீங்களே கொண்டுபோங்க மாப்பிள்ளை. ஒங்களுக்காகத்தான வாங்குனாக." லோடு ஆட்டோவில் மெத்தை விரித்து, அதே ரோட்டில் கொண்டுவந்தோம். அவ்வளவு பெரிய கண்ணாடிக்கு ஒரு கீறல் விழவில்லை.

அந்த ஞாயிறு மத்தியானம் கம்ப்யூட்டரையும் டிவியையும் HDMI கேபிளால் இணைத்தேன். மேசை விளிம்பில் ஸ்டியரிங்கைப் பொருத்தி முடுக்கினேன். அந்த ஸ்டியரிங் நான் பழையதாக வாங்கியது, ஹார்ன் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டைதான். கீபோர்டிலும் ஹார்னுக்கு எந்த பட்டனையும் ஒதுக்கவில்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேமைத் திறந்தால் பனி கொட்டும் மலைப்பாதை. லாரி நொண்டியது. ஒரு வினாடிக்கு எத்தனை படம் வருகிறது என்று திரை மூலையில் ஒரு எண் ஓடும். இருபத்திரண்டு, பத்தொன்பது, இருபத்து நான்கு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆக, மாமாவிடம் சொன்னது முழுப் பொய்யில்லை. "பாத்தீகளா மாமா, திக்குது" என்று டிவியைப் பார்த்துச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

எண் ஏறியது. முப்பது, நாற்பத்தைந்து, அறுபது. அறுபதில் அப்படியே நின்றது. பனி ஒவ்வொரு பொட்டாகத் தெரிந்தது. நான் எந்த செட்டிங்கையும் தொடவில்லை. அடுத்த வளைவுக்கு ஸ்டியரிங்கைத் திருப்பப் போனால், அது எனக்கு முன்னாலேயே திரும்பியது. கையை எடுத்தேன், காலையும் எடுத்தேன். லாரி தன் பாட்டுக்குப் போனது. நம்பினால் நம்புங்கள், என்னைவிட நன்றாகப் போனது.

ஒரு மேட்டைத் தாண்டியதும் ஹார்ன் அடித்தது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

சமையலறையில் ஏதோ பாத்திரம் உருண்டது. வள்ளி கையில் செம்போடு ஹாலைக் கடந்து ஓடி வாசல் கதவைத் திறந்தாள். வெளியே வெயில், ஆளில்லாத தெரு. செம்பில் மோர். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"யாரு ஹாரன் அடிச்சது?"

"கேமுல."

"நீங்களா அடிச்சீக?"

ஸ்டியரிங்கின் நடுவில் இருந்த ஓட்டையைக் காட்டினேன்.

"அப்பா அடிக்கிறதுங்க இது. பஸ்ஸு வீட்டைத் தாண்டுறப்ப ரெண்டு குட்டை, ஒரு நெட்டை. நான் மோர எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு ஓடணும். என்னை அறியாம ஓடியாந்துட்டேன்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் இதை அவள் எனக்குச் சொன்னதே இல்லை.

திரையில் லாரி ஓரங்கட்டி நின்றிருந்தது. நிற்க வேண்டிய இடமே இல்லை அது, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. வள்ளி என்ன நினைத்தாளோ, வந்து செம்பை டிவிக்கு முன்னால் வைத்தாள். லாரி நகர்ந்தது.

"மூலையில அறுபதுன்னு போட்டிருக்கே, அது வேகமா?"

"ஆமா" என்றேன். இன்னொரு பொய்.

"அப்பாவும் அறுபதத் தாண்டமாட்டாக." கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கார்டு இழுக்காதுன்னு அப்பாட்ட சொல்லிக்கிட்டே இருந்தீகளே. நல்லாத்தான ஓடுது?"

கேலியில்லை, சும்மாதான் கேட்டாள். நான் குனிந்து, நன்றாக மாட்டியிருந்த கேபிளை இன்னொரு தடவை அழுத்தி மாட்டினேன்.

மறுநாள் கடையைத் திறக்காமல் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். ஸ்டியரிங் தானாகத் திரும்ப ஒரு காரணம் கிடைத்தது, பெடலைத் தொடாமலே லாரி போக இன்னொன்று. ஹார்னுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பல்லிகூட இல்லை, இருந்திருந்தால் அதைக் கும்பிட்டிருப்பேன். கார்டு மறுபடி இருபத்து நான்குக்கு மேல் ஏறவே இல்லை. ரெசல்யூஷனை நானும் குறைக்கவில்லை. புதுக் கார்டும் வாங்கவில்லை. வாங்கிவிட்டால் மாமாவிடம் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் மிஞ்சாது.

இதெல்லாம்கூடப் போகட்டும். நான் ஆறடி. கேமில் டிரைவர் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தலாம், எப்போதும் கடைசிவரை பின்னால் தள்ளித்தான் வைத்திருப்பேன். இப்போது எப்போது திறந்தாலும் சீட் முன்னால் வந்திருக்கிறது. திரையில் பாதியை ஸ்டியரிங்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது. பின்னால் தள்ளிச் சேமித்தேன், அடுத்த தடவை முன்னால் இருந்தது. கேமையே அழித்துப் புதிதாக ஏற்றினேன், அப்போதும் முன்னால்.

தள்ளுவதை விட்டுவிட்டேன். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் கேமைத் திறந்து உட்காரும்போது, மேசைக்கு அடியில் எதிலோ இடித்துக்கொள்ளப் போவதுபோல் என் முட்டி தானாகப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறது.