கேட்டில் நின்று குழம்பின் பெயர் சொன்ன அப்பா

எந்த நினைவு மலரைக் கையில் எடுத்தாலும் எனக்கு ஒரு சந்தேகம் வரும். அதில் இருப்பவர் ஒருமுறைகூடக் கோபப்பட்டிருக்க மாட்டார், ஒரு பொய்கூடச் சொல்லியிருக்க மாட்டார். இப்படிப்பட்டவரோடு வீட்டில் உள்ளவர்கள் எப்படித்தான் காலம் தள்ளினார்களோ என்று நினைத்துக்கொள்வேன். இப்போது எங்கள் வீட்டு மலரை எழுதும் முறை எனக்கே வந்திருக்கிறது. அப்பாவின் முதலாண்டுத் திருப்பலிக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க வேண்டும், நல்லதாக நாலு பக்கம் எழுது என்று வத்தலக்குண்டு மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சொல்லிவிட்டார். நல்லதாகவே எழுதுகிறேன் மாமா. ஆனால் அப்பா ஐந்து மாதம் எங்களிடம் பொய் சொன்னார். அதையும் எழுதுவேன். அதை விட்டுவிட்டால் இதில் இருப்பது எங்கள் அப்பாவாக இருக்காது.

அப்பா பிறந்தது இலங்கையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். ஏழு வயதில் பெற்றோருடன் கப்பலேறி வந்தார். முகாம், கூலி வேலை என்று இரண்டு மூன்று ஊர்கள் சுற்றிய பிறகு குடும்பம் கொடைக்கானல் மலையில் வந்து நின்றது. பதினான்கு வயதில் ஒரு பள்ளி விடுதியின் சமையற்கட்டில் பாத்திரம் கழுவச் சேர்ந்தவர், பிறகு அங்கேயே ரொட்டி சுடுகிறவராகி, நாற்பது ஆண்டுக்கு மேல் அந்த அடுப்பின் முன்னால் நின்று ஓய்வு பெற்றார். கடைசிவரை ரொட்டியைப் பாண் என்றும், அடுப்பைப் போறணை என்றும்தான் சொன்னார். எங்கள் செண்பகனூர் வீட்டின் பின்கட்டில் தன் கையாலேயே செங்கல்லும் மண்ணும் வைத்து ஒரு போறணை கட்டினார். அது இன்றும் இருக்கிறது.

அப்பாவின் வேலையில் ஒரு தனி முறை உண்டு. போறணை முன்னால் உட்காரும்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார். வெந்ததா இல்லையா என்பதை மூக்குதான் சொல்ல வேண்டும். "மணியப் பாத்துச் சுட்டா அது பாண் இல்லம்மா, மருந்து" என்பார். உள்ளே இருப்பது கண்ணுக்கே தெரியாது. இவர் திடீரென்று எழுந்து கதவைத் திறப்பார். சரியாக வெந்திருக்கும்.

அந்த மூக்கை நம்பித்தான் வீட்டில் அவர்களுக்குள் ஒரு விளையாட்டு நடந்தது. அப்பா மாலையில் வீடு திரும்பும்போது கேட்டில் கை வைத்ததும் நின்று, அன்றைய குழம்பின் பெயரைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும். அதைக் கேட்க அம்மா அடுப்படியை விட்டு வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்து நிற்பார். சரியாகச் சொன்னால் வறுவலில் ஒரு துண்டு கூடுதல். தப்பினால் அன்று பாத்திரம் அப்பா பொறுப்பு. எனக்கு நினைவு தெரிந்து அப்பா பாத்திரம் கழுவியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். பக்கத்து வீட்டுக்குத்தான் வாழ்க்கைப்பட்டேன் என்பதால், கல்யாணத்துக்குப் பிறகும் நான் இந்தக் கூத்தைத் தவறாமல் பார்த்தேன்.

இரண்டாவது கொண்டாட்டம் ஆண்டுக்கு ஒருமுறை, அவர்களுடைய திருமண நாளில். அன்று அப்பா வெள்ளனே எழுந்து போறணையில் ஒரு கேக் சுடுவார். அம்மாவுக்குப் பின்கட்டில் அனுமதி கிடையாது. சுட்ட கேக்கை அம்மா முதலில் மோந்து பார்ப்பார், பிறகு திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார், பிறகுதான் வெட்டுவார். அம்மா அப்படித்தான். பால்காரரிடம் பாலை வாங்கி அவர் முன்னாலேயே விரலில் தொட்டுப் பார்ப்பார். பலகையில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கும் பஸ்ஸிலும் நடத்துநரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். நானும் அம்மா மாதிரிதான் என்று என் கணவர் சொல்கிறார். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கொரோனாக் காய்ச்சல் இருவருக்கும் ஒரே வாரத்தில் வந்தது. அம்மாவுக்கு வாசனையும் ருசியும் போய், பத்து நாளில் திரும்பின. அப்பாவிடம் கேட்டதற்கு, "எனக்கு அப்பவே வந்துருச்சே" என்றார். நாங்களும் நம்பினோம். அப்போது ஓய்வு பெற்றிருந்தவர், மாலை நடை முடிந்து வந்து கேட்டில் நின்று குழம்பின் பெயர் சொல்வதும் தப்பாமல் நடந்தது. காலையில் அம்மா காய்கறிக் கூடையை எடுத்து வைக்கும்போது அப்பா அதை எட்டிப் பார்த்துவிட்டுப் போனதை நாங்கள் கவனிக்கவில்லை. சந்தேகப் பிராணிகள் இரண்டு பேர் இருந்தும் கவனிக்கவில்லை.

ஒருநாள் அம்மா கூடையில் அவரைக்காய் எடுத்து வைத்திருந்தார். மதியம் மாமா வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் கருவாடு கொடுத்து அனுப்பினார். அம்மா அவரைக்காயை ஒதுக்கிவிட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தார். அந்த மணத்துக்குக் கீழ்த்தெரு நாய்கள் எங்கள் வேலியோரம் வந்து உட்கார்ந்துவிட்டன. ஆறு மணிக்கு அப்பா வந்தார். அந்த நாய்களைத் தாண்டி வந்து, கேட்டில் கை வைத்து, கம்பீரமாகச் சொன்னார்.

"அவரைக்காக் கூட்டு!"

வாசலில் அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்து மழுப்பினார். அன்று அவரே பாத்திரம் கழுவினார். அம்மா என் காதருகே வந்து சொன்னார்: "ஆளுதான்டி இங்க நிக்காரு. மனசு எங்கயோ கெடக்கு."

அதற்கு அடுத்த வாரம் அம்மா அப்பாவின் சட்டையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "மோந்து பாரு" என்றார். ரோஜா வாசனை. ஆனால் பூவின் வாசனை இல்லை, பாட்டிலில் அடைத்த வாசனை. மறுநாளும் அதே. அதற்கு மறுநாள் எலுமிச்சம் புல் மாதிரி ஒன்று. "தப்புப் பண்றவன்கூட வீட்டுக்கு வரும்போது தொடச்சிக்கிட்டு வருவான். இவரு மறைக்கக்கூட இல்லையே! என்னைய அவ்வளவு இளக்காரமா நெனச்சுட்டாரா?" என்று கேட்டார். முப்பத்தைந்து ஆண்டு கூட வாழ்ந்த மனிதரைப் பற்றி அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

நான் அத்தோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் முடிந்து வரும்போது, நான் ஆசிரியையாக இருக்கும் அந்தப் பள்ளியின் பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ப்புறம் அப்பா நடந்து போவதைப் பார்த்துப் பின்னாலேயே போனேன். சுற்றுலா வருகிறவர்களுக்குத் தைலம் விற்கும் ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தார். என் வயதைவிடக் கொஞ்சம் மூத்த ஓர் அக்கா நடத்தும் கடை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அப்பா கண்ணை மூடி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த அக்கா ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து அப்பாவின் மூக்கருகே பிடித்தார். ஏதோ கேட்டார். அப்பா தலையாட்டிச் சிரித்தார். அவரும் சிரித்தார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நேராக வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பார்த்ததை மட்டும் சொன்னேன் என்றுதான் நெடுநாள் என்னைத் தேற்றிக்கொண்டேன். சொன்ன விதம் அப்படி இல்லை. அம்மா அழவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம்தான் அவர்களுடைய திருமண நாள் வந்தது. விடிந்ததும் எட்டிப் பார்த்தேன். பின்கட்டில் அப்பா போறணையை மூட்டிக்கொண்டிருந்தார். உள்ளறையில் அம்மா இரண்டு சேலைகளைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். "தம்பி வீட்டுக்குப் போறேன். அவரு கேட்டா நீயே சொல்லிக்கோ" என்றார். எங்கள் வீடு உடையப் போகிறது, உடைத்தது நான் என்று அப்போதுதான் உறைத்தது. எவ்வளவோ கெஞ்சினேன். அம்மா செருப்பை மாட்டிவிட்டார்.

அப்போது தீய்ந்த வாடை வந்தது. சர்க்கரை கருகும் வாடை. பின்கட்டிலிருந்து புகை உள்ளே நுழைந்தது. அம்மா பையைப் பிடித்தபடியே பின்பக்கம் போனார். திருமண நாளில் அவருக்கு அனுமதி இல்லாத இடத்துக்கு முதல்முறையாகப் போனார். நானும் ஓடினேன்.

போறணைக் கதவின் இடுக்கில் புகை கசிந்துகொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டி, இரண்டு முழம் தள்ளி, அப்பா அமைதியாக உட்கார்ந்து அம்மாவுக்கென்று பறித்த பூவை நூலில் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கருகுதே! தெரியலையா?"

அப்பா துள்ளி எழுந்து கதவைத் திறந்தார். கேக் கரியாகக் கிடந்தது. அதைப் பார்க்காமல் அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்தார். வாழ்நாள் முழுக்கச் சந்தேகப்பட்டவருக்கு உண்மை தெரிய நொடிகூட ஆகவில்லை.

"உங்களுக்கு வாசனையே வரலை."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "காய்ச்சல்லேருந்தே வரலை புள்ள. அஞ்சு மாசம் ஆச்சு."

"எங்கிட்ட ஏங்க சொல்லலை?"

"சொன்னா நீ வாசலுக்கு வரமாட்டியே. வாசனை தெரியாதவன்கிட்ட என்ன கேக்கப் போறேன்னு அடுப்படியிலயே இருந்துருவ."

தினமும் வெவ்வேறு வாசனைகளை முகர்ந்து பழகினால் மூக்கு திரும்பலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தைலக்கடை அக்கா காசு வாங்காமல் அதற்கு உதவியிருக்கிறார். சட்டையில் ரோஜா மணப்பது அப்பாவுக்கு எப்படித் தெரியும்? மறைக்க வேண்டும் என்று தெரிந்தால்தானே மறைப்பதற்கு?

அம்மா பையைக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பால் அப்பாவின் முகத்திலிருந்த கரியைத் துடைத்தார். அழுகைக்கு நடுவிலும் அம்மா அம்மாதான். "அதுக்கு அந்தப் புள்ள வந்து மூக்குல புடிக்கணுமாக்கும்? உங்களுக்குக் கை இல்ல?" என்று கேட்டார். அப்பா சிரித்தார். கரியைச் சுரண்டிவிட்டு உள்ளே தேறியதை மூவரும் சாப்பிட்டோம். மறுநாளே அம்மா அந்தக் கடைக்குப் போய் நான்கு பாட்டில் தைலம் வாங்கி வந்தார். அன்றிலிருந்து காலையில் அப்பாவின் மூக்கருகே பாட்டிலைப் பிடிப்பது அம்மாவின் சோலி ஆயிற்று.

அதற்கு இரண்டு மாதம் கழித்து அப்பா மறுபடி கேட்டில் நின்று சரியாகச் சொல்ல ஆரம்பித்தார். மீன், சாம்பார், ரசம், ஒன்றுகூடத் தப்பவில்லை. மூக்கு திரும்பிவிட்டது என்று தெருவே மகிழ்ந்தது. எனக்கு மட்டும் சந்தேகம். ஒருநாள் நல்ல மழை. கேட்டருகே கொடியில் ஒரு சிவப்புத் துண்டு சொட்டச் சொட்டத் தொங்கியது. இந்த மலையில் மழைநாள் மாலையில் யாராவது துணி காயப்போடுவார்களா? நான்கு நாள் குறித்துப் பார்த்தேன். மீன், கருவாடு என்றால் சிவப்புத் துண்டு. சாம்பார் என்றால் மஞ்சள். ரசத்துக்கு வெள்ளை. அம்மாவிடம் கேட்டேன்.

"ஒனக்கு எதுக்குடி அந்தச் சோலி? போயி வெரசாப் பிள்ளைக்குச் சோத்தப் போடு" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்படியே இரண்டு ஆண்டுகள் ஓடின. பிறகு அப்பாவுக்கு இதயம் பலவீனப்பட்டது. கடைசி ஒரு மாதம் பின்கட்டை ஒட்டிய அறையில் படுக்கையிலேயே இருந்தார். அந்த ஆண்டுத் திருமண நாளும் அப்போதுதான் வந்தது. போறணையில் அம்மா முதல்முறையாகக் கேக் வைத்தார். எப்போது எடுப்பது என்று தெரியாமல் கதவருகே தவித்துக்கொண்டிருந்தபோது அறைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"எடுத்துரு புள்ள. வெந்துருச்சு."

அம்மா எடுத்தார். பொன்னிறம். அடிப்பக்கம்கூடத் தீயவில்லை. அதைத் தட்டில் ஏந்தி அறைக்குள் வந்தபோது அப்பாவின் முகத்தில் இருந்த பெருமையை நான் எப்படி எழுதுவேன்! ஆனால் நான் பார்க்கக் கூடாததையும் பார்த்துவிட்டேன். தலையணைக்கு அடியிலிருந்து அப்பாவின் கைக்கடிகாரத்தின் வார் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மணி பார்த்துச் சுடாத மனிதர், அன்று மணி பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். அம்மாவும் அதைப் பார்த்தார். போர்வையைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, அந்த வாரை உள்ளே தள்ளிவிட்டு, என்னிடம் திரும்பினார்.

"பாத்தியாடி, அப்பாவுக்கு வாசனை வந்துருச்சு."

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் அப்பா எங்களை விட்டுப் போனார்.

கடைசி மாதத்தில் வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், முறைபோட்டு உடனிருந்த தெருக்காரர்களுக்கும், அடக்கத்தன்று கொட்டும் மழையில் கல்லறைவரை தோள் கொடுத்த விடுதிச் சமையற்கட்டு நண்பர்களுக்கும், அலைந்து எல்லாக் காரியத்தையும் முடித்துவைத்த மாமாவுக்கும் எங்கள் வீடு நன்றிக்கடன் பட்டிருக்கிறது. தைலக்கடை அக்காவுக்கு நன்றி மட்டும் போதாது. அக்கா, உங்களைத் தப்பாக நினைத்தேன், தப்பாகவும் சொன்னேன். நேரில் சொல்லத் துணிவு வராததால் இத்தனை பேர் படிக்கும் இடத்தில் மன்னிப்புக் கேட்கிறேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கடிகாரம் வரும் இடத்தில் அம்மா கையை நீட்டி நிறுத்தினார்.

"அதையும் எழுதிட்டியா?" என்றார்.

"அடிச்சிரட்டுமாம்மா?"

அம்மா போறணைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "வேண்டாம், இருக்கட்டும். ஆனா கடைசி வரியில அவருக்கு வாசனை வந்துருச்சுன்னு போட்டுரு. நான் கண்டுபிடிச்சது அவருக்குத் தெரிய வேண்டாம்."

அம்மா சொன்னபடியே போடுகிறேன். அன்று எங்கள் அப்பாவுக்கு வாசனை வந்தது.